“பேக்கப் இல்லையா சார்?”

சென்னை ரிச்சி தெருவில், குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய கடை அது. பத்துக்குப் பத்து அறை. மேஜை முழுக்க மூடி கழற்றிய ஹார்ட் டிஸ்க்குகள். கைக்குட்டையில் சுற்றி நான் கொண்டுபோயிருந்த கறுப்புப் பெட்டியில் கேபிளைச் செருகி, கடைக்காரத் தம்பி அதைக் காதருகே வைத்துக் கேட்டார். டக்... டக்... டக். மூன்றாவது ‘டக்’ முடிவதற்குள் கேபிளைப் பிடுங்கிவிட்டார்.

“வீட்ல எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்க சார்?”

“ஒரு இருபது தடவை இருக்கும்.”

“ஐயோ” என்றார், தணிந்த குரலில். “ஒவ்வொரு தடவையும் ஹெட் தட்டுல உரசியிருக்கும். திறந்து பார்த்துட்டுச் சொல்றேன். இதுக்கு பேக்கப் இல்லையா சார்?”

“இதுதான்பா பேக்கப்.”

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. ரசீதில் என் பெயரை எழுத ஆரம்பித்தார். அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள் என்பதை இன்னொரு நாள் அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இது நடந்தது 2019-இல். லேப்டாப்பில் இடம் நிரம்பும்போதெல்லாம் படங்களையும் எழுதியவற்றையும் அந்தப் பெட்டிக்கு மாற்றிவிடுவது என் பழக்கம். மாற்றிய கையோடு லேப்டாப்பிலிருந்து அழித்தும்விடுவேன். ‘பேக்கப் எடுத்தாச்சு’ என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். மனதாரவே நம்பினேன். நான் செய்ததோ இடமாற்றம் மட்டும்தான். பீரோவின் மேல்தட்டில் இருந்ததைக் கீழ்த்தட்டில் வைப்பதுபோல. இருந்தது எப்போதும் ஒன்றுதான். வெளியே தனியாக இருக்கும் பெட்டி, தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பெட்டி என்பதாலேயே அது காவல் போலத் தோன்றிவிட்டது. எனக்குத் தெரிந்த வீடுகளில் பாதியில் இன்றைக்கும் இதே மயக்கம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். தட்டைக் காட்டினார். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பான வட்டத்தில், பழைய இசைத்தட்டின் கோடுபோல ஒரு வளையம் ஓடியிருந்தது. “இந்த வளையம் இருந்த இடத்துல காந்தப் பூச்சே இல்ல சார். எந்த லேப்புக்குப் போனாலும் வராது.” பார்த்ததற்குக் காசு வேண்டாம் என்றார்.

அதற்குள் இருந்தவற்றில் பலவற்றை எப்படியாவது திரும்பச் செய்துகொள்ளலாம். ஒன்றை முடியாது. 2011-இல் மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில், திண்ணையில் உட்கார்ந்து அத்தை பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். போனில் பதிவு செய்தேன், பெட்டிக்கு மாற்றினேன், போனில் அழித்தேன். 2016-இல் அத்தை போய்விட்டார்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஹார்ட் டிஸ்க்கின் தட்டுகள், லேப்டாப் வகையில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்றும் மேஜைக் கம்ப்யூட்டர் வகையில் 7,200 சுற்றும் சுற்றுகின்றன. அவற்றின்மேல் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், காற்றுப் படலத்தில் மிதந்தபடி போய்வருகிறது. நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. தன் இடத்தைப் படிக்க முடியாமல் போன முனை ஓரத்துக்குப் போய்த் திரும்பி, மறுபடி தேடி, மறுபடி திரும்பும். அதுதான் அந்த ‘டக் டக்’. அதைக் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கவே கூடாது. ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகும் என்று வீடியோ போடுகிறவர்களை நம்பாதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் மிச்சமிருப்பதும் போகும்.

1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் வணிக டிஸ்க்கில், 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அது தாங்கியது 50 லட்சம் எழுத்துகள், அதாவது இன்றைய போனில் எடுக்கும் ஒற்றைப் படத்தின் அளவு. அதற்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டது. சுற்றும் பொருள் ஒருநாள் நிற்கும் என்பது மாறவில்லை. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், தன்னிடம் எத்தனை பழுதாகின்றன என்பதைக் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. 2024-இல் அது நூற்றுக்கு 1.57. ஆண்டு முழுவதும் ஒரே குளிர், ஒரே சீரான மின்சாரம், யாரும் கைதவறிக் கீழே போடாத அறைகள் அவை. நம் வீட்டு மேஜையையும் மே மாத வெயிலையும் திடீரென்று போய்த் திடீரென்று வரும் கரண்ட்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி-யும் பென் டிரைவும் பரவாயில்லையா? வேகத்துக்கும் அதிர்ச்சி தாங்குவதற்கும் எஸ்எஸ்டி நல்லது. ஆனால் அது எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரே நொடியில் போய்விடலாம். மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தால், உள்ளே பிடித்து வைத்திருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியவும் கூடும். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான பொருள். வருடக்கணக்கில் சேர்த்து வைப்பதற்கு அதை நம்ப வேண்டாம். கல்யாண ஸ்டுடியோக்காரர் கொடுத்த சிடி, டிவிடி இன்னும் பீரோவில் இருந்தால் இந்த வாரமே ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கிப் படித்து எடுத்துவிடுங்கள். எழுதத்தக்க சிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயம். வெயிலும் ஈரமும் வயதும் அதை மங்கச் செய்துகொண்டே இருக்கின்றன.

வீடு வீடாகத் தேடியபோது

பெட்டி போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். “உன்கிட்ட நம்ம ஊர்த் திருவிழாப் படம் ஏதாவது இருக்கா?” திண்டுக்கல்லில் சித்தப்பா மகன் பழைய மெமரி கார்டு ஒன்றை எடுத்துத் தந்தான். வாட்ஸ்அப்பில் எப்போதோ நான் அனுப்பிய படங்கள், சுருங்கி மங்கிப்போய், மதினியின் போனில் இருந்தன. ஃபேஸ்புக்கில் ஏற்றியவை கிடைத்தன. 2007-இல் எழுதிய சில கதைகள் ஒரு நண்பரின் பழைய பென் டிரைவில் அகப்பட்டன. ஆயிரக்கணக்கில் இழந்ததில் நானூறு சொச்சம் திரும்ப வந்தது.

அப்படி அலைந்த நாட்களில் உ.வே.சாமிநாதையர் நினைவு வராமல் இருக்குமா? ஊர் ஊராகப் போய், பரண்களில் கிடந்த ஏடுகளைக் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். ஒரு சுவடியில் செல்லரித்த வரி இன்னொரு ஊரின் சுவடியில் முழுசாக இருந்தது. ஓலை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் என்றென்றைக்கும் நிற்காது; ஏடு நைந்துபோவதற்குள் புதிய ஓலையில் எழுதிக்கொண்டாக வேண்டும். அதற்குப் ‘படி எடுத்தல்’ என்று பெயர். அப்படிப் பலர் பல ஊரில் படி எடுத்து வைத்ததால்தான் அவை நமக்கு வந்தன. வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் முழுப் படி ஒன்றுகூட எந்த வீட்டுப் பரணிலும் மிஞ்சவில்லை. உரைகளிலும் தொகை நூல்களிலும் யாரோ எடுத்தாண்ட பாடல்கள் மட்டும் தங்கின. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போன சுமார் 97,000 நூல்களில், வேறெங்கோ ஒரு படி இருந்தவற்றைத்தான் பிறகு தேடிச் சேர்க்க முடிந்தது. வேறு படியே இல்லாத சுவடிகள் போனது போனதுதான்.

‘பேக்கப்’ என்பதற்குக் ‘காப்பு நகல்’ என்று எழுதுகிறார்கள். எனக்குப் ‘படி’ என்ற சொல்லே போதுமானதாக இருக்கிறது. அதைச் சொன்னதும் ‘எத்தனை படி?’ என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. அன்று ரிச்சி தெருவில் அந்தத் தம்பி ‘எத்தனை படி இருக்கு?’ என்று கேட்டிருந்தால் என்னால் ‘இதுதான்’ என்று சொல்லியிருக்க முடியாது. ‘ஒன்று’ என்று சொல்லியிருப்பேன். சொன்ன கணமே எனக்குப் புரிந்திருக்கும்.

மூன்று, இரண்டு, ஒன்று

எத்தனை படி வேண்டும்? பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், டிஜிட்டல் படங்களைப் பாதுகாப்பது பற்றி வெளியிட்ட நூலின் வழியாக ஒரு கணக்கு பரவியது. மொத்தம் மூன்று படி. இரண்டு வேறு வகைப் பொருளில். அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினித் துறையில் இருப்பவர்கள் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இதில் மூன்றும் இரண்டும் எளிதில் புரியும். அந்தக் கடைசி ‘ஒன்று’தான் எல்லோரும் தள்ளிப்போடுவது. சைதாப்பேட்டையில் என் நண்பர் ஒருவர் என்னைவிடக் கவனமானவர். உண்மையாகவே இரண்டு படி வைத்திருந்தார், ஒன்று கம்ப்யூட்டரில், இன்னொன்று வெளி டிஸ்க்கில். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு ஏறி வந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். இரண்டு படியும் தரைத்தளத்தில் ஒரே மேஜையில் இருந்தன. திருடன் வந்தாலும் இப்படித்தான். லேப்டாப்பை எடுக்கிறவன் பக்கத்தில் இருக்கும் பெட்டியை விட்டுவிட்டா போவான்?

எப்போதும் செருகியே வைத்திருக்கும் டிஸ்க்குக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளின் சந்திப்புகளை ரத்து செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கேட்ட பணயம் 300 டாலரில் தொடங்கியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். இந்த வகைத் தீநிரல் கம்ப்யூட்டருக்குள் புகுந்தால், அதில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். வீடுகளுக்கு இது பல சமயம் திருட்டு மென்பொருளோடு வருகிறது. அதனால் எழுதி முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்க்கை எந்தத் தீநிரலும் தொட முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு வெளி டிஸ்க்குகள். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு சமயத்தில் வாங்கியவை. ஒரே தொகுப்பில் தயாரான இரண்டும் ஒரே சமயத்தில் பழுதாக வாய்ப்புண்டு என்பதால். ஒன்று இங்கே. மற்றது திருச்சியில் தங்கை வீட்டில். தீபாவளிக்குப் போகும்போது இங்கிருப்பதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வருவேன். பொங்கலுக்கு மறுபடி மாற்றிக்கொள்வோம். “அண்ணே, உன் டப்பா எங்க நகைப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்கு” என்று தங்கை சொல்வாள். வழியில் தொலைந்தாலும் பிறர் படிக்க முடியாதபடி இரண்டையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறேன். அந்தக் கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, என் மனைவிக்கும் தங்கைக்கும் இடத்தைக் காட்டியிருக்கிறேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். பூட்டியவரோடு சாவியும் போய்விட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது திறக்க முடியாத பெட்டி.

செலவும் நேரமும் பயப்படும் அளவுக்கு இல்லை. 500 ஜிபி-யை யூஎஸ்பி 3 வழியாக ஹார்ட் டிஸ்க்குக்கு எழுத ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் கொஞ்சம். அதுவும் முதல் தடவைக்குத்தான். அடுத்த முறை புதிதாக வந்தவையும் மாறியவையும் மட்டும் போகும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீஃபைல்சிங்க்கும் நன்றாக வேலை செய்கிறது. டிஸ்க்கைச் செருகியதும் தானாக ஆரம்பிக்கும்படி எதையாவது ஒன்றை அமைத்துவிடுங்கள். ஞாபகம் வைத்துச் செய்வோம் என்று விட்டால் மூன்றாவது மாதமே நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மூன்று படி எடுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் போன்றவை டிஜிலாக்கரில் கிடைக்கின்றன. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசுத் தளங்களில் மறுபடி எடுக்கலாம். சினிமாக்களும் மென்பொருள்களும் எப்படியும் கிடைக்கும். என் பழைய பெட்டியில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தவை இந்த மாதிரிச் சமாசாரங்கள்தான். நம் வீட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது எது என்று பார்த்துப் பிரித்தால், அது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். இன்றைக்கு அதில் பெரும்பங்கு கம்ப்யூட்டரில்கூட இல்லை, போனில் இருக்கிறது.

மேகத்தில் இருக்கிறதே?

“எல்லாம் கூகுள்ல இருக்கு” என்கிறார்கள். இருக்கட்டும், ஒரு படியாக அது நல்ல படிதான். வீட்டுக்கு வெளியே இருக்கிறது, வெள்ளம் தொடாது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. நிரம்பிய பிறகு புதுப் படங்கள் ஏறாமல் நின்றிருப்பதைப் பலர் போன் தொலைந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம், ஒத்திசைவைப் படி என்று எண்ணுவது. போனில் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் அழிகிறது, லேப்டாப்பிலும் அழிகிறது. அது கண்ணாடியைப் போல, முன்னால் நடப்பதை அப்படியே காட்டும். அழித்தவை கூகுள் டிரைவின் குப்பைக் கூடையில் 30 நாள், கூகுள் போட்டோஸில் 60 நாள் இருக்கும். அதற்குள் கவனித்தால் உண்டு. ‘போன்ல இடம் இல்லன்னு அழிச்சேன், எல்லாமே போச்சு’ என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! இரண்டு ஆண்டு திறக்காத கணக்கை நீக்கும் உரிமையையும் 2023 டிசம்பர் முதல் கூகுள் வைத்திருக்கிறது. இறந்துபோன பெரியவரின் கணக்கில் குடும்பப் படங்கள் இருந்தால், இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேகம் என்பது இன்னொருவருடைய கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்குகள்தான். நம் பிள்ளைகள் ஒரு காலத்தில் ஆல்பம் ஆல்பமாக ஏற்றிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. மைஸ்பேஸ் தளம் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறிய பாட்டுகளை இழந்துவிட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டது. தென்கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26-இல் அரசுத் தரவு மையம் எரிந்தபோது, ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்திருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் போனது. வெளியே வேறு படி இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே அப்படி.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நண்பரிடம் கிடைத்த என் 2007 கதைகளைத் திறந்தேன். ஃபைல் பழுதில்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பாமினி எழுத்துருவில் தட்டியவை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ‘அம்மா’கூட அம்மாவாகத் தெரியாது. தமிழ்நாடு அரசு 2010-இல்தான் யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய நம் எழுத்தெல்லாம் பாமினி, வானவில், டாப், டாம் என்று ஆளுக்கொரு குறிமுறையில் கிடக்கிறது. என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். பேஜ்மேக்கரில் கட்டிய புத்தகங்கள் இருந்தால் இன்னும் அவசரம். அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதைத் திறக்கத் தெரிந்த பழைய கம்ப்யூட்டர் ஏதாவது டிடிபி கடையில் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கி வாங்கிவிடுங்கள். படிக்க முடியாத ஏட்டுக்கு எத்தனை படி இருந்து என்ன?

எடுத்துப் பார்த்தீர்களா?

1998-இல் பிக்ஸார் ஸ்டுடியோவில் ‘டாய் ஸ்டோரி 2’ உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளை தவறான இடத்தில் ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பதறாதே, பேக்கப் இருக்கிறது என்று போய்ப் பார்த்தால், அது சுமார் ஒரு மாதமாகச் சரியாக வேலை செய்யவே இல்லை. ஒழுங்காக ஓடுவதாகத்தான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். மீட்டு எடுத்துப் பார்த்தவர் இல்லை.

காப்பாற்றியது ஒரு தாய். தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த கேலின் சுஸ்மன், கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகப் படத்தின் படி ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வேண்டுமென்று திட்டமிடாமலே வீட்டுக்கு வெளியே ஒரு படி, இங்கே ஸ்டுடியோவுக்கு வெளியே, இருந்திருக்கிறது. கதை சரியில்லை என்று அந்தப் படத்தின் பெரும்பகுதியைப் பிறகு அவர்களே புதிதாகச் செய்தார்கள் என்பது வேறு கதை.

இதைப் படித்த நாள் முதல், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு எனக்கு ஒரு வேலை. டிஸ்க்கைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு ஃபோல்டரைத் தொட்டு, அதில் ஒரு படம், ஒரு கதை, ஒரு வீடியோவை வேறொரு கம்ப்யூட்டருக்கு எடுத்துத் திறந்து பார்ப்பேன். பத்து நிமிஷம். இரண்டு தடவை பிடிபட்டிருக்கிறது: ஒருமுறை ஒரு ஃபோல்டரே போகாமல் விட்டிருந்தது, இன்னொரு முறை வீடியோக்கள் பாதியில் நின்றன. கேபிள் தளர்ந்திருந்தது. இரண்டும் அசல் கையில் இருக்கும்போதே தெரிந்ததால் மறுபடி எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா மகன் கொடுத்த அந்த மெமரி கார்டில் அவன் பெண்ணின் முதல் பிறந்தநாள் வீடியோ ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு நொடி. குழந்தை கேக்கைப் பிசைகிறது, யாரோ சிரிக்கிறார்கள். ஒன்பதாவது நொடியில், படத்துக்குள் வராமல் அடுக்களைப் பக்கமிருந்து அத்தையின் குரல்: “பால் பொங்குது பாரு, அடுப்பை அணைச்சியா?”

தாலாட்டு இல்லை. நடவுப் பாட்டு இல்லை. அத்தையின் குரலில் எங்களிடம் இருப்பது இதுதான். லேப்டாப்பில் ஒன்று, அலமாரியில் ஒன்று, திருச்சியில் தங்கையின் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை மூன்றில் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்பதாவது நொடியில் அடுக்களையிலிருந்து கேட்டார்.